முதுகில் பட்ட கல்

கலியபெருமாளைப் பற்றி எழுதச் சொன்னால், மில்லில் இருந்தவர்கள் எல்லாரும் அவருடைய வேலைத்திறமையைத்தான் எழுதுவார்கள். எழுதட்டும். இருபத்தாறு வருசம் தறிக்கூடத்தில் அவருக்குப் பக்கத்திலேயே நின்றவன் நான். அவர் கடைசியாகப் பார்த்த முகமும் என்னுடையதுதான். அதனால் நான் எழுத வேண்டியது வேறு.

எங்கள் மில் புதுச்சேரி ஊருக்குள்ளேயே இருந்தது. முன்னூறு தறி ஒரே கூரைக்குக் கீழே ஓடும். காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. உதடு தெரிய வேண்டுமானால் ஆள் திரும்ப வேண்டும் அல்லவா? அதற்காக எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நூல் தீர்ந்த காலி பாபினையோ கழிவு நூல் உருண்டையையோ முதுகில் விட்டெறிவோம். பட்டவன் நடையை நிறுத்தி, நின்ற இடத்திலேயே திரும்பி, எறிந்தவன் வாயைப் பார்க்க வேண்டும். நடந்துகொண்டே திரும்பினால் கை பெல்ட்டுக்குள் போய்விடும். அப்படி இரண்டு பேருக்கு விரல் போனது. புதிதாக வருகிறவனுக்குக் கலியபெருமாள் மேஸ்திரி முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

"பட்டா நில்லு. நின்னப்பறம் திரும்பு."

இதைச் சொல்லிவிட்டு நாள் முழுக்க அந்தப் புது ஆளின் முதுகில் உருண்டை எறிந்துகொண்டே இருப்பார். ஒரு வாரத்தில் அது உடம்பில் ஏறிவிடும்.

மில்லை மூடியபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் எல்லாருக்கும் காது மந்தம்தான். அவருக்கு அது மந்தமாக இல்லை, மொத்தமாகவே போயிருந்தது. மிஷின் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் கோபம் வரும். கருவடிக்குப்பத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வாட்ச்மேனாகப் போனார். கேட்டுக்கு வெளியே கார்க்காரர்கள் ஆரன் அடித்தபடி நிற்பார்கள், இவர் முதுகைக் காட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். பதினெட்டு நாளில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தறிக்கூடத்தில் நூற்றைம்பது பேரை உதட்டசைவில் கட்டி மேய்த்த மனுசனை ஒரு கேட் தோற்கடித்தது. அதற்குப் பிறகு அவர் எங்கும் வேலை கேட்கவில்லை. காலையில் நோணாங்குப்பம் வரை நடப்பார், திரும்பி வருவார், சாப்பிடுவார், படுப்பார். மனைவி அன்னக்கிளி எதையாவது சொல்ல வேண்டுமென்றால் எதிரில் வந்து நின்றுதான் சொல்லுவாள். சில நாள் அவர் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வார்.

அவருக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோசம் ஆடி மாதத்துப் பயணம். மில் ஓடிய காலத்திலிருந்தே தறிக்கூடத்து ஆட்கள் வேன் பிடித்துக் கல்வராயன் மலைக்குப் போவோம். உள்ளே ஓர் ஓடையைப் பிடித்து மேலே ஏறினால் கன்னிமார் கோயில். கோயில் என்றால் ஏழு கல், அவ்வளவுதான். 2006 ஆடியில் வேனில் ஒன்பது பேர்தான் சேர்ந்தோம். புறப்படும்போது அன்னக்கிளி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"அண்ணே, அவுருக்குப் பின்னாலயே நடங்க. யாரு கூப்ட்டாலும் அவுருக்குக் கேக்காது. பத்தரமா கூட்டியாந்துடுங்க."

நான் கூட்டி வருகிறேன் என்று சொன்னேன்.

அந்தப் பாதையைப் பாதை என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். இடப்பக்கம் ஓடை, வலப்பக்கம் மலைச்சரிவு, நடுவில் ஓர் ஆள் போகிற அகலத்துக்குப் பாறையும் வேரும். நாலு இடத்தில் ஓடையைக் கடக்க வேண்டும். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் தண்ணீர் முழங்காலுக்கு மேலே இழுத்தது, கல்லெல்லாம் பாசி. செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, மூங்கிலைப் பிடித்துப் பிடித்து ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. வருசா வருசம் இந்தக் கன்னிமாருக்கு இவ்வளவு உயரத்தில் என்ன வேலை என்று திட்டிக்கொண்டே நடந்தேன்.

மேலே போகப் போக இரண்டு பக்கமும் மலை நெருங்கி, வானம் ஒரு கீற்றுத்தான் தெரியும். அந்த இடுக்கில் தண்ணீர் போடும் இரைச்சலில் நல்ல காது உள்ளவனுக்கும் ஒன்றும் கேட்காது. கலியபெருமாளுக்கு அதுதான் பிடித்தது என்று நினைக்கிறேன். அங்கே எல்லாரும் செவிடு. முன்னால் அவர் போவார், நாங்கள் வரிசையாகப் பின்னால். யாருக்காவது தண்ணீர் வேண்டும், உட்கார வேண்டும் என்றால் சின்னக் கல்லை எடுத்து முன்னால் போகிறவன் முதுகில் போடுவோம். அது ஒவ்வொரு முதுகாகப் போய் அவரிடம் சேரும். அவர் நிற்பார், திரும்புவார், உதட்டைப் பார்ப்பார், கையைக் காட்டி உத்தரவு கொடுப்பார். மூன்று வருசமாக வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவர் அங்கே மறுபடியும் மேஸ்திரி ஆகிவிட்டார். பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது.

மூன்றாவது கடவைத் தாண்டி ஒரு வளைவு. அவர் எனக்குப் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். மற்றவர்கள் இன்னும் தண்ணீரைத் தாண்டவில்லை. வலப்பக்கச் சரிவில் மண் பொலபொலவென்று இறங்குவதைக் கண்டேன். மேலே ஒரு மரம் சாய்ந்தது. அதன் வேருக்குள் இருந்த பாறை அசைந்தது. மேஸ்திரி என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் தன் வேகத்தில் நடந்துகொண்டேயிருந்தார்.

குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். குறி தப்பவில்லை.

அவர் நின்றார். நின்ற பிறகு திரும்பினார். என் வாயைப் பார்த்தார்.

"ஓடுங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. உதட்டைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "எங்க?" என்று கேட்டார்.

பாறை அவர் மேல் வந்தது.

அவருடைய நடைக்கு இன்னும் மூன்று எட்டு வைத்திருந்தால் அந்த இடத்தைத் தாண்டியிருப்பார். பிறகு அந்த இடத்தில் நின்று நானே எட்டு வைத்துப் பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் முதுகில் கல் பட்டதும் திடுக்கிட்டு முன்னால் பாய்ந்திருப்பான், குறைந்தது மேலேயாவது பார்த்திருப்பான். மில்காரன்தான் நிற்பான். அதை மறந்துவிட்டு எறிந்த நானும் மில்காரன்தான்.

வேட்டியை மூங்கிலில் கட்டி, அதே மூன்று கடவையும் தாண்டித் தூக்கி வந்தோம். மறுநாள் கருவடிக்குப்பம் சுடுகாட்டில் எரித்தோம். எல்லாரிடமும் பாறை திடீரென்று விழுந்தது என்று சொன்னேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்னக்கிளி என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு திதிக்கும் என்னைக் கூப்பிட்டாள். முதல் இலை எனக்குத்தான். கடைசி வரைக்கும் கூட நின்றவர் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லுவாள். அந்தச் சோற்றில் பாதியை இலையிலேயே வைத்து மூடிவிட்டு வருவேன். அந்த வீட்டில் எனக்கு இருந்த இடம் போய்விடும் என்கிற பயம்தான் என் வாயைக் கட்டியது, வேறு ஒன்றும் இல்லை.

மூன்றாவது திதிக்கு மழை. சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. இலை போட்டுப் பரிமாறினாள். நான் கை வைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், கல்லை எறிந்தது, அவர் 'எங்க?' என்று கேட்டது உட்பட.

"எறியாம இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

"தாண்டிப் போயிருப்பாரும்மா."

அவள் உள்ளே போனாள். நெடுநேரம் வரவில்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது மோர் கொண்டுவந்து ஊற்றினாள். சாப்பிடுங்கள் என்று கையைக் காட்டினாள். சாப்பிட்டேன். ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை. அவள் என் எதிரில் உட்கார்ந்து, எனக்குக் கேட்க வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"உங்க மேல கோவம் இல்லண்ணே. காப்பாத்தத்தான் எறிஞ்சீங்க. ஆனா இனிமே உங்க மூஞ்சியப் பாத்தா, அவுரு 'எங்க?'ன்னு கேட்டுக்கினு நிக்கறதுதான் எனக்குத் தெரியும். அடுத்த வருசம் வராதீங்க."

சரியம்மா என்று சொல்லிவிட்டு, எழுந்து கை கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.