பிடரியோரம் மூன்று கற்கள்

கடைத்தெருவில் அவளுக்கு முடிச்சக்கா என்று பெயர். மணி கோக்கிறவர்கள் பலரும் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் முடிச்சுப் போடச் சோம்பல்படுவார்கள். இவள் போடாமல் விடமாட்டாள். நூல் அறுந்தாலும் ஒரு கல்தான் விழும், மற்றவை முடிச்சில் நின்றுகொள்ளும். மனசிலும் அதே கதைதான். யாரோ என்றைக்கோ சொன்ன ஒரு சொல்லை முடிந்து வைத்திருந்து, சமயம் பார்த்து அவிழ்ப்பாள். அவள் வாயில் விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம்.

நகைக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில், ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்தில் அவள் கடை. கல் உருண்டு ஓடாதிருக்க மேசையில் சாம்பல் நிறக் கம்பளித் துணி, ஒரு விளக்கு, பட்டு நூல்கண்டுகள், வருகிறவர்கள் உட்கார ஒரு முக்காலி. எந்தக் கல்லைக் கொடுத்தாலும் விளக்கடியில் பிடித்து அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவாள். டர்க்காய்ஸ் என்கிற நீலக்கல் என்றால் கேட்கவே வேண்டாம்.

"இது செம்புல பொறந்த நீலம்மா. மழைத்தண்ணி செம்பைக் கரைச்சுக்கிட்டுப் பாறை இடுக்குல எறங்கி, காஞ்சு காஞ்சு கல்லா உறைஞ்சது. உடம்பு பூரா கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. எண்ணெய், வேர்வை, சென்ட்டு, எல்லாத்தையும் குடிக்கும். குடிச்சா நாளாக நாளாகப் பச்சையாயிரும். குளிக்கும்போது கழட்டிரு, சமைக்கும்போது கழட்டிரு."

இவ்வளவும் சொல்கிறவள் கழுத்தில் கிடந்த டர்க்காய்ஸ் பாசிப் பச்சை. குளிக்கும்போதும் கழற்றமாட்டாள், சமைக்கும்போதும் கழற்றமாட்டாள். யாராவது அதைச் சுட்டிக்காட்டினால், "பத்தியம் சொல்ற டாக்டரு பத்தியமாவா இருக்காரு?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அது அவள் அம்மாவின் மாலையில் பாதி. அம்மா விட்டுப் போன நகை அது ஒன்றுதான், பெண்களோ இருவர். அழுது ஓய்ந்த ஒரு மதியம், மார்பில் விழும் இடத்தில் முடிச்சக்காவே நூலை வெட்டினாள். கொக்கியோடு இருந்த பாதியை அக்காவிடம் கொடுத்தாள். தன் பாதிக்குப் பின்னால் சங்கிலித் துண்டு வைத்துப் போட்டுக்கொண்டாள். நூல் நைந்தபோதெல்லாம் கற்களைத் துணியில் கொட்டிக் கைக்கு வந்தபடி கோத்தாள். ஊரார் மாலையில் வரிசை மாறாமல் பார்த்துக்கொள்கிறவளுக்குத் தன் மாலையில் அந்தப் பொறுமை கிடையாது. அக்கா தன் பாதியைப் பஞ்சு வைத்த டப்பாவில் போட்டுப் பீரோவில் பூட்டினாள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. பாட்டியின் மாலையை முழுசாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பெண் ஆசைப்பட்டாள். அக்கா டப்பாவோடு கடைக்கு வந்து, மூடியைத் திறந்து வைத்தாள். பஞ்சுக்குள் சுருண்டு கிடந்தது, அம்மா போட்டிருந்த அதே நீலம். முடிச்சக்கா தன் கழுத்திலிருந்ததைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

"இது எதுடி?"

"என் பாதிதான்."

அக்கா இத்தனை வருஷமும் அதை வேறு ஏதோ பாசிமணி என்றுதான் நினைத்திருந்தாள். "என்னை என்ன பச்சைப் புள்ளைனு நினைச்சியா? அம்மாவோடது நீலம். நல்ல கல்லை வித்துட்டு எதையோ கோத்து வச்சிருக்கே."

"எப்படிக்கா நாக்குமேல பல்லைப் போட்டு இப்படிக் கேக்குறே?"

செம்பு, மழை, ஓட்டை என்று அவள் ஆரம்பித்தாள். ஆயிரம் பேரிடம் சரளமாக வந்த பேச்சு அன்றைக்கு முன்னும் பின்னுமாக வந்தது. "இந்த வியாபாரப் பேச்சை வர்றவங்ககிட்ட வச்சுக்கோ" என்றாள் அக்கா.

முடிச்சக்கா கம்பி வெட்டுகிற குறடு ஒன்றை எடுத்தாள். ஒரு கல்லை உடைத்தால் போதும், உள்ளே நீலம் தெரிந்துவிடும். உடைக்காவிட்டால் கூடப் பிறந்தவள் கண்ணுக்கு அவள் திருடி. உடைத்தால் அம்மாவின் கல் ஒன்று தூளாகும். குறட்டின் வாயில் கல்லை வைத்தாள். அழுத்த மனசு வரவில்லை.

"நடிக்காதே. பிரிக்கும்போதே கெட்ட கல்லை என் தலையில கட்டினவதானே நீ? இத்தனை வருஷத்துல நான் வாயைத் திறந்தேனா?"

"கெட்ட கல்லா? எது?"

அக்கா பஞ்சை விலக்கி முனையை இழுத்துப் போட்டாள். கடைசி மூன்று கற்கள் பச்சை.

முடிச்சக்கா குறட்டைக் கீழே வைத்தாள். அந்த முனையை விளக்கடியில் பிடித்தாள். பழைய கொக்கி இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, கொக்கி கழுத்துல எங்க வரும்?"

"பிடரியில. அதுக்கென்ன?"

"அம்மா ஒருநாளாவது எண்ணெய் வைக்காம கொண்டை போட்டிருக்காளா? முன்னாடி இருந்ததெல்லாம் துணிமேலதான் கிடந்துச்சு. இந்த மூணுதான் அவ தோலோட ஒட்டிக் கிடந்துச்சு."

அக்கா குனிந்து பார்த்தாள். கட்டைவிரலால் அந்த மூன்றையும் தடவினாள். "இதையா நான் கெட்ட கல்லுன்னு மறைச்சு வச்சேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

வேறொரு நாளாக இருந்தால் முடிச்சக்கா மனசில் முடிந்ததையெல்லாம் அவிழ்த்து அக்காவை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அதற்குள் அவள் கண் தன் பாதிமேல் விழுந்துவிட்டது. இதன் முனையிலும் இப்படி மூன்று இருந்திருக்கும். வெட்டிய அன்று கண்ணீரில் கவனிக்கவில்லை. பிறகு கொட்டிக் கொட்டிக் கோத்ததில் வரிசையும் போயிற்று.

"என்னுதுல அம்மா எந்தக் கல்லுல இருக்காக்கா?" என்றாள். தன் கற்களை விரலால் பிரித்துப் பார்த்தாள். "எல்லாத்தையும் நானே பச்சையாக்கிட்டேனே."

அக்கா மன்னிப்புக் கேட்டுப் பழகியவள் அல்ல. முக்காலியை மேசையோரம் இழுத்துப் போட்டாள்.

"நீ இதை ஒருநாளும் கழட்டலையா?"

"இல்லை."

"நான் ஒருநாளும் போடலை." இரண்டு பாதிகளையும் தங்கை பக்கம் நகர்த்தினாள். "ரெண்டையும் சேர்த்துக் கோத்துடு. முதல்ல நான் போட்டுக்கறேன், பொண்ணுக்கு அப்புறம் கொடுக்கலாம்."

முடிச்சக்கா புது நூல் எடுத்தாள். இருந்த வரிசை கலையாமல் அக்காவின் கற்களை மாற்றிக் கோத்தாள். மார்புக்கு வரும் இடத்தில் நீலம் முடிந்து பச்சை ஆரம்பித்தது. எந்தக் கல்லையும் அவள் ஒளிக்கவில்லை. முடிச்சுப் போட்டு முடிக்க வெகு நேரம் பிடித்தது, அக்கா எழுந்திருக்கவே இல்லை.

முடிந்ததும் அக்கா தானே திரும்பி உட்கார்ந்து கூந்தலைத் தூக்கிப் பிடித்தாள். முடிச்சக்கா மாலையைச் சுற்றிக் கொக்கியை மாட்டினாள். மூன்று கற்களும் எண்ணெய் மினுங்கிய பிடரியில் போய் உட்கார்ந்தன.

"ஜில்லுனு இருக்குடி."

"கொஞ்ச நேரத்துல சூடாயிரும்."

"அப்புறம்?"

"அப்புறம் உன்னையும் குடிக்க ஆரம்பிச்சிரும்க்கா."

அக்கா பிடித்திருந்த கூந்தலைக் கற்கள்மேல் விட்டாள்.