அப்பா சண்டை போட்ட வெள்ளிக்கிழமை

ரியாத்தில் இருந்தபோது எனக்கு வாராவாரம் பிறந்த நாள் வரும். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் அப்பா கீழே பேக்கரிக்குப் போய் ஒரு சின்ன கேக் வாங்கி வந்து மேசையில் வைப்பார். ஒரு பலூனை ஊதிக் கட்டுவார். பிறகு ஆட்கள் வருவார்கள். கையில் கிஃப்ட் பொட்டலம் இருக்கும். பொட்டலத்துக்குள் ஜெபப் புத்தகம் இருக்கும்.

அங்கே மாதா கோவில் கிடையாது; வெளிப்படையாக ஜெபிக்கவும் கூடாது. ஊர்க்காரர்கள் யார் வீட்டிலாவது கூடினால்தான் ஜெபம். எதற்குக் கூட்டம் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்ல ஒரு பிறந்த நாள் வேண்டும். வீட்டில் பிள்ளை நான் ஒருத்திதான். அதனால் எல்லாம் எனக்கே வந்தது.

பத்தா கடைவீதிப் பக்கத்து லேபர் கேம்பிலிருந்து ஒரு வெல்டர் மாமா வருவார். எங்கள் ஊர்க் கடற்கரைக்காரர். செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

“மக்களே, இன்னைக்கு எத்தன வயசு ஆச்சு?”

“ஏழு.”

“போன வாரமும் ஏழுதான சொன்ன? இப்பிடி வாராவாரம் கேக்கு வெட்டுனா சீக்கிரம் நீ எனக்க அம்மைய விட மூத்தவளாயிருவ.”

ஜெபம் மெதுவாக நடக்கும். கதவுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைப்பார்கள். ஏசியை முழு வேகத்தில் ஓடவிடுவார்கள். திரைச்சீலை மூடியிருக்கும். பாட்டு என்றால் உதடு அசையும், கொஞ்சம் காற்று வரும், அவ்வளவுதான். எல்லோரும் தண்ணீருக்குள் உட்கார்ந்து பாடுவது போல இருக்கும். எனக்குக் கண் சொக்கும்.

அம்மா நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து வந்து பகலில் தூங்குவாள். அப்போது நானும் அப்பாவும் இப்படித்தான் கிசுகிசுவென்று பேசிக்கொள்வோம். அதனால் நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஆண்டவரும் நைட் டியூட்டி பார்க்கிறவர். பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். எழுப்பக் கூடாது. இதை யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கிற அளவுக்குப் பெரிய விஷயமாகவும் தோன்றவில்லை.

அப்பா ஊரில் கடல் தொழில் செய்தவர். அம்மாவின் விசாவில் வந்தார். ரியாத்தில் கடல் இல்லை. சமைப்பார், என் தலையை வாருவார், துணி காயப்போடுவார். வெள்ளிக்கிழமை பாட்டை மட்டும் அவர்தான் தொடங்கிக் கொடுப்பார். அப்பா குரல் கொடுத்தால் கடலில் அடுத்த வள்ளத்துக்குக் கேட்கும் என்று அம்மா சொல்வாள். நான் நம்பியதில்லை. நான் கேட்டதெல்லாம் துண்டு வைத்த வீட்டுக் குரல்தான்.

அந்த வருடம் ஊரிலிருந்து போன் வந்தது. சித்தப்பா போன வள்ளம் புயலுக்குப் பிறகு கரையேறவில்லை. அப்பாவின் ஒரே தம்பி. எங்கள் வீட்டில் நவநாள் வைத்தார்கள், ஒன்பது நாள் ஜெபம். வெள்ளிக்கிழமை என்று இல்லாமல் தினமும் வந்தார்கள். தினமும் எனக்குப் பிறந்த நாள். அப்பா முழங்காலில் நின்றபடியே இருப்பார். கடைசியில் தேடப் போன வள்ளங்களும் வெறுமனே திரும்பிவிட்டன. கரையேறவில்லை என்றால் வர நேரமாகிறது என்றுதான் எனக்குப் பொருள். ஸ்கூல் பஸ் கூடத் தாமதமாக வருமே.

அதன் பிறகு அப்பா பாடவில்லை. பாய் விரிப்பார், கேக் வாங்குவார், சுலைமானி டீ போடுவார். ஜெபம் தொடங்கியதும் அடுக்களைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார்.

“அண்ணே, ஒரு பாட்டாவது எடுத்துக் குடுங்க” என்பார் வெல்டர் மாமா.

“தொண்ட சரியில்ல. நீங்க பாடுங்க.”

நான் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்பா வாங்கிக் கொப்பளிப்பார். பல வெள்ளிக்கிழமை அப்படிப் போனது. தொண்டை ஆறவில்லை.

ஒரு நாள் அம்மா டியூட்டிக்குக் கிளம்பும்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னாள்.

“அவருகிட்ட ஒரு வார்த்த பேசுங்க. கோவமாவது படுங்க. இப்பிடி ஒண்ணுமே மிண்டாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு.”

“பேச என்ன இருக்கு? முடிஞ்சு போச்சு” என்றார் அப்பா.

டாக்டரைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மணல் காற்று வந்தது. அந்த வாரம் அம்மாவுக்குப் பகல் டியூட்டி, காலையிலேயே போயிருந்தாள். மதியம் மூன்று மணி இருக்கும். வீடு முழுக்க ஆரஞ்சு நிறமாகிவிட்டது. சுவர், பலூன், அப்பாவின் சட்டை, என் கை எல்லாம் ஒரே நிறம். வெளியே எதிர்க் கட்டிடம் இல்லை, தெரு இல்லை. வீடு மட்டும் தனியாக எங்கேயோ மிதந்துபோவது போல இருந்தது. போன் அடித்தது. வெல்டர் மாமா. கத்திப் பேசியதால் எனக்கும் கேட்டது.

“அண்ணே, கண்ணு தொறக்க முடியல. கேம்ப்ல கேட்டப் பூட்டிட்டானுவ. ஒருத்தரும் வரமாட்டாங்க.”

“சரி, கலாஸ், விடுங்க” என்று அப்பா போனை வைத்தார். பாயைச் சுருட்டத் தொடங்கினார். நான் போய்ப் பாயில் உட்கார்ந்தேன்.

“எந்தி மக்களே. இன்னைக்கு ஜெபம் இல்ல.”

“எனக்குப் பொறந்த நாளு.”

“ஆளு இல்லாம என்ன பொறந்த நாளு?”

ஜெபம் முடிந்த பிறகுதான் கேக் வெட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். ஜெபம் இல்லாவிட்டால் கேக் என்னவாகும் என்பதுதான் என் கவலை. நானே எழுந்துபோய்த் துண்டைச் சுருட்டிக் கதவுக்கு அடியில் வைத்தேன். திரும்பி வந்து கை கூப்பி, வழக்கமான சின்னக் குரலில் சொன்னேன்.

“ஆண்டவரே, எங்க சித்தப்பா சீக்கிரம் கரையேறணும்.”

அப்பா பாயை விட்டுவிட்டார்.

“அத விட்டுரு.”

“ஏன்?”

“அவருக்குக் கேக்காது.”

“மெதுவா சொன்னா எப்பிடிக் கேக்கும்? அவருதான் தூங்குறாருல்லா.”

“யாரு?”

“ஆண்டவரு. நைட் டியூட்டி.”

அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது. அப்பா போய் ஜன்னல் கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றினார். பிறகு ஒரு சத்தம் போட்டார். அப்படி ஒரு சத்தம் எங்கள் வீட்டில் அதற்கு முன் கேட்டதில்லை.

“தூங்குறீரா? அண்ணைக்கும் தூங்கிட்டுதான் கெடந்தீரா?”

ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “அப்பா, மெதுவா. முழிச்சிருவாரு.”

“முழிக்கட்டும்! அண்ணைக்கு உம்ம கூட வள்ளத்துல இருந்தவனுவ, சாவப்போறோம்னு ஒரு சத்தம் போட்டதும் எந்திச்சீருல்லா? காத்த அடக்குனீருல்லா? எனக்க தம்பி எவ்வளவு சத்தம் போட்டிருப்பான்? அவன் சத்தம் மட்டும் உமக்குக் கேக்கலியா? சொல்லும்!”

புயலில் ஆண்டவர் படகில் தூங்கிய கதை எனக்கும் தெரியும். கடற்கரைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லும் கதை அதுதான். ஆனால் அதை வைத்து ஆண்டவரிடம் கணக்குக் கேட்கலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அப்பா நிறுத்தவில்லை. நான் அறியாத கெட்ட வார்த்தைகளும் வந்தன. காற்று எவ்வளவு உரக்க இரைந்ததோ அவ்வளவு உரக்க அவரும். சித்தப்பா பெயரைச் சொல்லி நீட்டிக் கூப்பிட்டார். தூரத்து வள்ளத்தைக் கூப்பிடுகிற மாதிரி. கொஞ்சம் நின்று பதிலுக்குக் காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார். பிறகு வார்த்தைகள் குறைந்தன. கடைசியில் “ஆண்டவரே, ஆண்டவரே” என்பது மட்டும் மிச்சம் இருந்தது. அதுவும் சின்னக் குரலானது. அப்பா நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டார்.

நான் பக்கத்து அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை.

அப்பா வந்து பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது. வெளியே காற்று தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அது ஒன்றும் அடங்கவில்லை.

“வெட்டு” என்றார். கேக்கின் மேல் மெல்லிசாக மணல் படிந்திருந்தது. அப்பா கத்தியால் வழித்து எடுத்துவிட்டு எனக்கு ஒரு துண்டும் தனக்கு ஒரு துண்டும் வைத்தார். நறநறவென்று இருந்தது. தின்றோம்.

அடுத்த வெள்ளியும் அப்பா பாடவில்லை. ஆனால் அடுக்களைக்குப் போகாமல் பாயில், சுவரோரமாக உட்கார்ந்தார். பாட ஆரம்பித்தது அதற்கும் வெகுநாள் கழித்து. சித்தப்பா வரவே இல்லை.

சண்டை போட்ட அன்று சாயங்காலம் காற்று ஓய்ந்த பிறகு அம்மா வந்தாள். வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை.

“அம்மா, அப்பா இன்னைக்கு ஆண்டவரோட சண்ட போட்டாரு. கெட்ட வார்த்த சொன்னாரு.”

ஒரு ஷூ கையில் அப்படியே நின்றது.

“சத்தமாவா?”

“ரொம்பச் சத்தமா. பொறவு அழுதாரு. ஆண்டவரே ஆண்டவரேன்னாரு.”

அப்பாவுக்கு நல்ல திட்டு கிடைக்கப் போகிறது என்று நான் ஒதுங்கி நின்றேன். அம்மா வாசலிலேயே, மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். “பேசிட்டாருல்லா” என்றாள். நெற்றியில் சிலுவை போட்டு, விரலை முத்தமிட்டு, கண்ணைத் துடைத்தாள். பிறகு எழுந்து உள்ளே போய் அப்பாவின் தலைமுடியில் இருந்த மணலை கையால் தட்டிவிட்டாள்.

ஸ்கூல் மிஸ்ஸை எதிர்த்துப் பேசினதற்கு அம்மா என்னை ஒரு மணி நேரம் முழங்காலில் நிறுத்தியது அதே வீட்டில்தான். ஆண்டவரையே எதிர்த்துப் பேசின அப்பாவை அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அநியாயம் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.