லிஃப்ட்காரர் சுட்ட வாஃபிள்

என் மாமனாருக்கு அடுப்படி எந்தத் திசையில் இருக்கிறது என்றே முப்பது வருஷமாகத் தெரியாது. லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. எட்டு மாடிக் கட்டடத்தில் எந்தக் கப்பி தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வீட்டில் உப்பு எடுத்துத் தரச் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். தெருவில் எல்லாருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான்.

அப்படிப்பட்ட மனுஷனை வாஃபிள் சுட வைத்தது அத்தைக்கு வந்த காய்ச்சல். காய்ச்சல் போனது, போகும்போது ருசியையும் வாசனையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. முன்பெல்லாம் நான் என்ன சமைத்தாலும் அத்தை ஒரு குறை சொல்லாமல் விடமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது எதை வைத்தாலும் "நல்லா இருக்கும்மா" என்று இரண்டு வாயோடு தட்டை நகர்த்திவிடுவார். மூன்று மாதத்தில் மோதிரம் விரலில் நிற்கவில்லை. எங்களுக்குப் பயமாகிவிட்டது.

"ருசி தெரியலைன்னா என்ன, மொறுமொறுப்பு தெரியும்ல?" என்று மாமா ஒரு நாள் வாஃபிள் மேக்கரோடு வந்து நின்றார். முதல் வாரம் அடுப்படி போர்க்களம். பொறுமையில்லாமல் மூடியைத் திறந்து, மேலே பாதி கீழே பாதியாகப் பிய்த்தெடுத்தார். பிறகு அவரே கண்டுபிடித்தார்: ஆவி நிற்கிற வரை மூடியில் கை வைக்கக்கூடாது. மாவில் கட்டி இருந்தால் இருக்கட்டும், அதிகம் கலக்கினால் ரப்பர்தான். சுட்டதைத் தட்டில் அடுக்காமல் கம்பி வலையில் வைத்தால் நமுத்துப்போகாது.

அப்புறம் தினம் ஒரு தினுசு. முந்தின நாளே ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவில் ஒன்று. உள்ளே பஞ்சு, வெளியே மொறுமொறு. முட்டை வெள்ளையைத் தனியாக நுரைக்க அடித்துச் சேர்த்து ஒன்று. சர்க்கரைக் கட்டிகளைச் சேர்த்துப் பிசைந்த கெட்டி மாவில் ஒன்று. கட்டிகள் உருகி மேலே பளபளவென்று படியும். மோரும் சமையல் சோடாவும் சேர்த்ததுதான் அத்தைக்குப் பிடித்தது. "சத்தம் நல்லா இருக்குங்க" என்று முழுசாக ஒன்று சாப்பிட்டார். மாமாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

போன ஞாயிறு காலை வீட்டில் மோர் இல்லை. மாமா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பாலை ஊற்றிவிட்டார். சோடா மட்டும் வழக்கம்போல. புளிப்பு சேராவிட்டால் சோடா அப்படியே நாக்கில் நிற்கும் என்று அவருக்கு யார் சொல்வது? நான் ஒரு வாய் வைத்தேன், சோப்பைக் கடித்த மாதிரி இருந்தது. என் கணவர் ஜன்னலைப் பார்த்தபடி மென்றார். அத்தைக்குத்தான் தெரியாதே என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை.

அத்தை கடித்தார். மெல்வதை நிறுத்தினார். முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க இது? சோப்பு மாதிரி இருக்கு! சோடாவை அள்ளிக் கொட்டினீங்களா?"

மாமா கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். அத்தைக்கே பிறகுதான் உறைத்தது. தட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாமா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"இன்னொரு வாய் வை," என்றார். "வேற என்னென்ன குறைன்னு ஒண்ணு விடாம சொல்லு."