வியர்வை சுரக்காத சிறுமிக்கு அண்ணன் அமைத்த குளிர் அறை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்த உங்கள் அனைவரோடும், தங்கையாகிய நான் சில நினைவுகளைப் பகிர்ந்துகொள்கிறேன்.

அண்ணன் பிறந்தது கோலார் தங்கவயலில். சுரங்கத் தொழிலாளியான அப்பா இளவயதிலேயே காலமானதால், படிப்பை நிறுத்திவிட்டு, சுரங்கத்துக்குள் குளிர்காற்று அனுப்பும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். நாடு விடுதலை அடைந்தபின் எங்களைப் பெங்களூர் தொம்மலூருக்கு அழைத்து வந்தார். அண்ணியாரை மணந்ததும், குளிர்சாதனப் பட்டறை வைத்ததும் இங்கேதான்.

காக்ஸ் டவுன் ஆசிரியை ஒருவரின் மகளுக்குப் பிறவியிலேயே வியர்வை சுரக்காது. வெயில் ஏறினால் உடம்பு கொதிக்கும். ஒரு கோடையில் வலிப்பே வந்துவிட்டது. கோடை முழுவதும் ஊட்டியில் விட்டுவிடும்படி மருத்துவர் சொன்னார். பிள்ளையைப் பிரிய மனமில்லாத அந்தத் தாய், வீட்டிலேயே ஓர் அறையைக் குளிரவைத்துத் தர முடியுமா என்று கேட்டு அண்ணனிடம் வந்தார்.

இரைச்சல் கேட்காதபடி இயந்திரத்தைக் கொல்லையில் வைத்து, அறைக்குச் செம்புக் குழாய்கள் இழுத்தார் அண்ணன். கடையில் மெல்லிய குழாய்தான் கிடைத்தது. "வாயு திரும்பி வர்றதுக்குப் பெரிய குழாய் வேணும். இல்லன்னா மெஷின் திணறும்" என்று சொல்லி, மதராஸிலிருந்து வரவழைத்தார்.

அறை குளிர்ந்தது. ஆனால் குழாயில் நீர் முத்து முத்தாகத் துளிர்த்துச் சுவரெல்லாம் ஊறியது.

"என் பொண்ணுக்கு வேர்க்க மாட்டேங்குது, உங்க குழாய்க்கு இப்படி வேர்க்குதே!" என்று ஆசிரியை கண்கலங்கினார்.

"தப்பு என்னுதுதாம்மா. குழாய் மேல கோணியைச் சுத்தினது போதும்னு நெனச்சிட்டேன். பிரிச்சுட்டு மறுபடி செய்றேன்" என்றார் அண்ணன்.

அன்று வீட்டில் அவர் சாப்பிடவே இல்லை. அண்ணியார்தான் கேட்டார்: "கோணிக்குள்ள ஈரக் காத்து பூந்துடாதா இன்னா? இடுக்கே இல்லாம மூடுறதுக்கு ஒண்ணும் இல்லையா?"

மறுநாள் தக்கைப் பலகையை அரைவட்டமாகச் செதுக்கிக் குழாயின் இருபுறமும் பொருத்தி, இணைப்புகளில் தார் பூசினார். அண்ணியார் கித்தான் துணியை உறையாகத் தைத்து மேலே இறுக்கினார். வளைவுகளில் மட்டும் மூன்று முறை பிரித்துக் கட்டினார்கள். பிறகு ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அந்தக் கோடையில் சிறுமி ஊட்டிக்குப் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்த அண்ணன், வாசலிலேயே அண்ணியாரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "புள்ள சிரிக்கிது."

சென்ற ஆண்டு நெஞ்சுவலி அவரைத் திடீரென்று கொண்டுபோய்விட்டது. மருத்துவமனைக்குத் தூக்கி ஓடிய தொம்மலூர் அண்டை வீட்டாருக்கும், அண்ணியாருக்குத் துணைநின்ற உறவினருக்கும் எங்கள் நன்றி. அண்ணன் வேறொரு வீட்டில் பாதியில் விட்டுச்சென்ற குளிர் அறை வேலையைக் காரியம் முடிந்த வாரமே முடித்துக்கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கு என்ன சொல்வது? அந்த வீட்டில், அதேபோல் வியர்வை சுரக்காத ஒரு கைக்குழந்தை இப்போது நிம்மதியாக உறங்குகிறது.