பௌர்ணமியன்று எதிரே போன சைக்கிள்

காய்கறி வாங்க, கரண்ட் பில் கட்ட, கல்யாணத்துக்குப் போக, எல்லாவற்றுக்கும் எனக்குச் சைக்கிள்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்த காலத்திலும் அதில்தான் போனேன். "இன்னுமா டீச்சர் இதை மிதிக்கிறீங்க, ஒரு எலக்ட்ரிக் வண்டி வாங்கக் கூடாதா?" என்று கேட்காத ஆள் திருவண்ணாமலையில் இல்லை. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டால்தான் காலையில் நகரும் என்றால் அது வண்டியா, நோயாளியா? எங்கள் வீடு ரமணாசிரமம் பகுதியில், செங்கம் ரோட்டுக்குப் பின்தெருவில். அங்கே காபிக்கடை வாசல்களில் வாடகைக்குக் கியர் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். வெள்ளைக்காரர் மிதித்தால் அது ஆரோக்கியம், நான் மிதித்தால் கஞ்சத்தனம். இந்த நியாயத்தை எனக்கு யாரும் இதுவரை விளக்கிச் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். புதிதாக எது வந்தாலும் வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியதும், பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் அவருக்கு ஒரு வாட்ச் வாங்கி அனுப்பினாள். அதற்குள்ளேயே சிம் கார்டு உண்டு. நாடித் துடிப்பு, நடந்த தூரம், ஆள் இருக்கும் இடம் எல்லாம் அவள் போனிலும் என் போனிலும் தெரியும். இவர் சோபாவில் சாய்ந்தபடி கையை மட்டும் வீசி வீசி நடந்த கணக்கை ஏற்றிவிடுவார். "யாரை ஏமாத்தறீங்க?" என்று கேட்டால், "வாட்ச்சே ஒத்துக்கிச்சு, உனக்கு என்ன?" என்பார்.

அரசியலிலும் அப்படித்தான். அவர் ஒரு கட்சி, நான் அந்தக் கட்சி இல்லை. ஒரே வீட்டில் இரண்டு ஓட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வது எங்கள் வழக்கம், அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. ஆனால் கட்சிக்காரர்கள் அனுப்புகிற பொய்யையெல்லாம் இவர் தெரு வாட்ஸ்அப் குழுவில் கொண்டுவந்து கொட்டுவார். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. பௌர்ணமிக்கு முதல் நாள் பளிச்சென்று ஒரு சாக்கடையின் படத்தைப் போட்டு, "நம் தெருவுக்கு வந்தது புதிய கால்வாய், தலைவருக்கு நன்றி" என்று எழுதியிருந்தார். எங்கள் வாசலில் ஓடும் சாக்கடை எனக்குத் தெரியாதா? அதே குழுவில் எழுதினேன்: "இது நம்ம தெரு இல்ல. போனைக் கீழ வெச்சுட்டு வாசலுக்கு வந்து பாருங்க."

தெருவே சிரித்துத் தீர்த்தது. அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் காபியும் குடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "மலை சுத்தப் போறேன்" என்றார். போனை வேண்டுமென்றே சார்ஜரில் விட்டுவிட்டார். ஸ்டென்ட் வைத்த உடம்போடு பௌர்ணமிக் கூட்டத்தில் தனியாக நடக்கலாமா? வேண்டாம் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் கோபம். "போங்க, போங்க. வாட்ச் இருக்கே, அது பாத்துக்கும்" என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

துணி துவைத்துக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அம்மா, அப்பா எங்கம்மா?"

"மலை சுத்தப் போயிருக்காரு."

"நாடி ரொம்ப ஜாஸ்தியா போச்சுனு எனக்கு மெசேஜ் வந்துச்சும்மா. இப்ப நாடியே காட்டல."

"நெட்வொர்க் இருக்காதுடி. பௌர்ணமியாச்சே, கூட்டம்."

"நெட்வொர்க் இருக்கும்மா. அப்பா எங்க இருக்காருன்னு புள்ளி நல்லா நகருது. நாடிதான் இல்ல."

போனைத் திறந்து பார்த்தேன். வரைபடத்தில் மலையின் மேற்குப் பக்கம் ஒரு நீலப் புள்ளி மெல்ல மெல்ல நகர்ந்தது. கீழே நாடி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு. நாடி இல்லாமல் மனுஷன் எப்படி நடப்பார்? ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகிறார்களோ என்று தோன்றியது. ஈரக் கையோடு சைக்கிளை எடுத்தேன். நேற்று வாட்ஸ்அப்பில் எழுதியதும் காலையில் சொன்னதும் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. மனுஷனோடு நான் பேசிய கடைசிப் பேச்சு அதுவாகிவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது.

எங்கள் ஊரில் மலையைச் சுற்றுகிறவர் யாராக இருந்தாலும் மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டுதான் போவார். மற்ற நாட்களில் பாதையில் பஸ்ஸும் பால்வண்டியும் இரண்டு பக்கமும் ஓடும். பௌர்ணமியன்று வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், பாதை முழுக்க மனிதர்கள், எல்லோரும் ஒரே பக்கம். தடுப்பில் நின்ற போலீஸ்காரர் சைக்கிளையும் விடமாட்டேன் என்றார். போனைக் காட்டி, "என் வீட்டுக்காரர்" என்று மட்டும் சொன்னேன். விட்டார்.

மிதிக்க இடமில்லை. பாதி மிதித்து, பாதி தள்ளிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் இருந்ததெல்லாம் முதுகுகள். வேட்டி கட்டிய முதுகு, பை தொங்கும் முதுகு, குழந்தை தூங்கும் தோள். அவரும் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். ஆனால் அங்கே பாதிப் பேர் வெள்ளைச் சட்டை. முதுகை வைத்து யாரைக் கண்டுபிடிக்க முடியும்? ஹேண்டில்பாரில் போனைப் பிடித்துக்கொண்டு புள்ளியையே பார்த்தேன். அது எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. மேற்கே இருக்கிற வருண லிங்கக் கோயிலைத் தாண்டும்போது யாரோ சூப், சூப் என்று கூவியது காதில் விழுந்தது. நான் நிமிரவில்லை. இடையில் மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எடுத்தால் புள்ளி மறைந்துவிடும் என்று எடுக்கவில்லை.

அதற்கு அடுத்து வரும் அடி அண்ணாமலை கிராமத்தில் புள்ளி நின்றது. கிட்டே போனால் அது போலீஸ் உதவி மையம். சாமியானாவுக்குக் கீழே ஒரு மேஜை. தொலைந்துபோன பர்ஸ்கள், ஒரு குழந்தைச் செருப்பு, இவற்றுக்கு நடுவில் என் வீட்டுக்காரரின் வாட்ச் கிடந்தது. அவர் இல்லை.

"இது யார் குடுத்தது சார்?" என்று மேஜையில் இருந்த போலீஸ்காரரைக் கேட்டேன்.

"ஆந்திராக்காரம்மா ஒருத்தவங்க இப்பதான் குடுத்துட்டுப் போனாங்க. வருண லிங்கத்தாண்ட பெஞ்சு மேல கெடந்துச்சாம். பக்கத்துல யாரும் இல்லியாம்."

"அந்த வாட்ச் என் வீட்டுக்காரரோடது சார். ஹார்ட் பேஷன்ட். நான் வருண லிங்கத்துக்குத் திரும்பிப் போகணும்."

அவர் மைக்கை எடுத்தபடியே சொன்னார். "நான் அனௌன்ஸ் பண்றேன். நீங்க அப்படியே சுத்தினு வந்துடுங்கம்மா. எதிர்ல போக முடியாது."

நல்லவர்தான். நிஜமாகவே உதவ நினைத்தார். பின்னால் கொஞ்ச தூரத்தில் இருக்கிற இடத்துக்குப் போக, குபேர லிங்கம், ஊர், கோயில் என்று மலையையே ஒரு சுற்று சுற்றி வரச் சொல்வதில் என்ன கோளாறு என்று அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற தன்னார்வலர்களும் தலையை ஆட்டினார்கள். எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் தோன்றாது.

"சுத்தி வர்றதுக்குள்ள அவர் உயிரு போயிடும் சார்" என்றேன்.

மைக்கைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார். பிறகு பாதையோரம் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றைத் தூக்கினார். "ஓட்டாதீங்க. ஓரமா தள்ளினு போங்க."

சைக்கிளைத் திருப்பினேன். அத்தனை கூட்டமும் என்னைப் பார்த்து வந்தது. "எம்மா, இது எதிர்ப்பக்கம்." "படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, இது கூடவா தெரியாது?" ஒரு பெரியவர் என் ஹேண்டில்பாரையே பிடித்துக்கொண்டு, "பாவம்மா, திரும்பிக்கோ" என்றார். அவர் கையைப் பிரித்து எடுத்துவிட்டு நடந்தேன். ஆனால் இப்போது எனக்கு முகங்கள் தெரிந்தன. வியர்த்த முகம், திருநீறு கலைந்த முகம், போனில் சிரிக்கும் முகம். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இது இல்லை, இது இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டிருந்தேன்.

வருண லிங்கத்துக்கு எதிரே, பெஞ்சில், மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது, சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மூலிகை சூப் விற்கிற பெண் ஒருத்தி அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். "வாட்ச்ச கழட்டி வெச்சுட்டு மூஞ்சி கழுவ கொழாயாண்ட போனாரும்மா. திரும்பி வந்து உக்காந்தவருதான், பேச்சே வரல. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டோம், அது சுத்தினு வருது" என்றாள். ஆம்புலன்சும் சுற்றிக்கொண்டுதான் வருகிறதாம். அவள் தம்பியின் ஆட்டோ பின்னால் வயல் பக்கம் நின்றது. மண்பாதை வழியாக அதில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனோம். வழி முழுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு நாடியைத் தேடினேன். கிடைப்பதும் தொலைவதுமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இன்னொரு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

வார்டுக்கு மாற்றிய பிறகு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். சாக்கடைப் படத்துக்காக மன்னிப்புக் கேட்பார் என்றோ, நான் கேட்கவேண்டும் என்பார் என்றோ நினைத்தேன். அவர் வேறு ஒன்று சொன்னார்.

"நீ சைக்கிள்ல போனத பாத்தேன்."

"எப்போ?"

"அன்னிக்குத்தான். என் முன்னாலதான் போன. கூப்பிட்டேன், சத்தம் வரல. கையத் தூக்கினேன். நீ போனையே பாத்துட்டுப் போய்ட்ட."

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "புள்ளி நகர்ந்துச்சுங்க, அதான்" என்றேன். "ஆமா, நகர்ந்திருக்கும்" என்றார். அதற்குமேல் இட்லி எனக்கும் வேண்டியிருக்கவில்லை, அவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

இப்போது டாக்டர் கொஞ்ச தூரம் நடக்கச் சொல்லியிருக்கிறார். வாட்ச்சைக் கட்டிக்கொண்டுதான் நடக்கிறார், மகள் விடுவதில்லை. கட்சிச் செய்திகளைக் குழுவில் போடுவதற்கு முன் என்னிடம் காட்டுகிறார், நான் பொய் என்கிறேன், அப்படியும் போடுகிறார். காலையில் அவர் வீட்டிலிருந்து மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு கிளம்புவார். நான் அதற்கு முன்பே சைக்கிளில் மறுபக்கமாகக் கிளம்பி, ஊருக்குள் போய், முழு மலையையும் சுற்றி அவருக்கு எதிரே வருவேன். டீக்கடைக்காரர்கள் இன்னமும் என்னைத் திருத்தப் பார்க்கிறார்கள். "டீச்சர், தப்பான பக்கம்" என்று தினமும் யாராவது சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என்னைப் பார்த்ததும் அவர் தூரத்திலிருந்தே கையைத் தூக்குவார். பார்த்துவிட்டேன் என்று நான் மணி அடிப்பேன், இன்னொரு தரமும் அடிப்பேன். ஆனாலும் நான் கிட்டே வந்து இறங்கி நிற்கிறவரைக்கும் அவர் அந்தக் கையைக் கீழே இறக்குவதில்லை.