லுணுகலை ஏற்றம்

யுத்தம் முடிந்த வருடம், மாரி மழை தொடங்கும் முன்பு, நானும் மைத்துனனும் பிபிலையிலிருந்து பசறைக்குச் சைக்கிளில் புறப்பட்டோம். மைத்துனன் என்றால் மௌத்தாகிப்போன என் மனைவியின் தம்பி; அக்காவை ராத்தா என்று கூப்பிடுவான். சுனாமி அவளைக் கொண்டுபோய் ஐந்து வருடமாகப் போகிறது. அவனுக்குக் கல்முனையில் ஒரு நெல் ஆலையில் வேலை. எனக்குச் சவளக்கடையில் வயல்.

"மச்சான், கடல் இல்லாத பக்கமாப் பார்த்து எங்கயாவது போவமா?" என்று அவன்தான் கேட்டான். நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கியர் சைக்கிள்கள் இரண்டு, ஒரு கூட்டாளியின் வீட்டில் கிடந்தன. தடித்த டயர், மலையில் ஓட்டுகிற வகை. மலைநாட்டுக்கு அரிசி ஏற்றிப்போன லொறியொன்று எங்களையும் சைக்கிள்களையும் பிபிலையில் இறக்கிவிட்டது.

நான் போனதற்கு வேறு காரணம் இருந்தது. சம்மாந்துறையில் எனக்கு உம்மா பெண் பேசி முடித்திருந்தார். அவளும் கணவனை இழந்தவள். இதை மைத்துனனிடம் நானே சொல்ல வேண்டும். ஊரில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை.

காட்டுக்குள் பாதை ஏறிக்கொண்டே போனது. ஒரு வளைவைக் கடந்தால் அடுத்த வளைவு இன்னும் செங்குத்தாக நின்றது. தட்டையான ஊரில் பிறந்த கால்கள் ஒரு மணி நேரத்திலேயே கைவிட்டுவிட்டன. இறங்கித் தள்ளினோம். நிழலில் இருந்தால் அட்டை ஏறியது, வெயிலில் நின்றால் தலை சுற்றியது. சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரன் எங்களிடம் எதுவுமே கேட்கவில்லை. கியரைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். அடையாள அட்டையை எடுக்கப் பைக்குள் போன என் கைக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

லுணுகலையைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் ஏறி, உச்சியில் குந்தினோம். மலை முழுக்கப் பச்சை. அதை ரசிக்கிற அளவுக்கு இருவரிடமும் சீவன் இல்லை. அந்தக் களைப்பிலேயே சொல்லிவிட்டேன்.

"மச்சான், உம்மா எனக்குக் கலியாணம் பேசியிருக்கா. நானும் ஓம் எண்டுட்டன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை மூடினான். "நல்லதுதானே" என்றான். சைக்கிளில் ஏறினான். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விட்டான்.

நான் கத்திக்கொண்டே பின்னால் போனேன். இரண்டாவது வளைவில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, மழைநீர் ஓடும் கானுக்குள் கிடந்தான். இடது தோள் கீழே இறங்கியிருந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். வயதான ஒருத்தி, இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துக் கிழித்து, அவன் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள்.

"அசையாதீங்க தம்பி. நாலு மணிக்குக் கொழுந்து லொறி வரும், அதுல ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்றாள். ஆளுக்கொரு வாய் வெறுந்தேநீர் கொடுத்துவிட்டுத் தன் நிரைக்குத் திரும்பினாள்.

லொறிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. வேதனையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கதைத்தான்.

"மச்சான், கடல் வந்த அண்டைக்கி என்னட்ட சைக்கிள் இருந்திச்சி. ராத்தாவ ஏறச் சொன்னன். அவ பக்கத்து வீட்டுப் புள்ளையச் சைக்கிள்ல தூக்கி வெச்சிட்டு, 'நீ போ, நான் ஓடி வாறன்' எண்டா. நான் போயிட்டன். திரும்பிப் பார்க்கல்ல."

அன்று நான் வயலில் இருந்தேன். அந்தக் காலையைப் பற்றி இவன் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அந்தப் பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பு. தெருவில் என்னைக் கண்டால் சலாம் சொல்லும்.

"ஏன்டா இவ்வளவு நாளா சொல்லல்ல?"

"பழியில இருந்து தப்புறதுக்குச் சொல்ற கதை எண்டு நீங்க நினைப்பீங்க."

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. முழங்கால்கள் மட்டும் வலித்தன. "அவ அப்படித்தான் சொல்லியிருப்பா" என்றேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவன் தலையை என் தொடையில் சாய்த்தான். லொறி வரும்வரை அப்படியே கிடந்தான்.

கொழுந்து மூட்டைகளின் மேல் படுத்துப் பசறைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் காறை எலும்பு உடைந்திருக்கிறது என்றார்கள்.

என் நிக்காஹ்வுக்குக் கட்டுப்போட்ட கையோடு வந்தான். சாப்பிட்டான், சீக்கிரமே போய்விட்டான். அடுத்த வருடம் கத்தாருக்குப் போனான். வெள்ளிக்கிழமைகளில் அழைப்பான். அங்கத்தைய வெயிலைப் பற்றிச் சொல்வான். என் மனைவி தொலைபேசியை வாங்கி, சாப்பிட்டானா என்று கேட்பாள். அவளையும் ராத்தா என்றுதான் கூப்பிடுகிறான்.