தீக்காக்கையைப் போன வருடமே பார்த்துவிட்டேன்

அலுவலகத்தில் என்னோடு சேர்த்து ஆறு பேர் வட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கியபோதுதான் எனக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. அக்குறணையில் தொலைநோக்கி வாங்கினேன். தொப்பி வாங்கினேன். அட்டை ஏறாத காலுறைகூட வாங்கினேன். பறவைகள்தான் ஒத்துழைக்கவில்லை. மற்றவர்கள் இலைகளுக்குள் எதையோ கண்டு மெய்மறந்து நிற்பார்கள். நான் இலையை மட்டும் மிகத் தெளிவாகப் பார்த்துவிட்டு வருவேன்.

போன வருடம் ஐந்து பேரும் தீக்காக்கையைப் பார்த்துவிட்டார்கள். வயிறெல்லாம் ரத்தச் சிவப்பு, அடர்ந்த மரங்களுக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்குமாம். நான் மட்டும் பாக்கி. ஒரு ஞாயிறு உடவத்தகெலே காட்டில் கால் வலிக்க அலைந்துவிட்டு, வெளியே தேநீர்க் கடையில் ரொட்டியைக் கடித்தபடியே, "இன்று காலை தீக்காக்கை!" என்று குழுவில் போட்டுவிட்டேன். கைதட்டல்கள் குவிந்தன. வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அதே பொய். அது தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது என்று கொசுறாக வேறு சேர்த்துக்கொண்டேன்.

இந்தச் சித்திரை விடுமுறையில், நடக்கச் சொல்லி டொக்டர் கட்டளையிட்டதால், மனைவியும் என்னோடு அதே காட்டுக்கு வந்தாள். காலில் ரப்பர் செருப்பு, கையில் குடை. நான் பெரிய நிபுணர்போல முன்னால் நடந்தேன். "சத்தம் போடாதே" என்று இரண்டு முறை அதட்டினேன். அவள் வாயே திறக்கவில்லை. சருகில் சத்தம் போட்டது என் சப்பாத்துதான்.

"என்னங்க, அந்தக் கொடியில செவப்பா ஒன்னு ஒக்காந்திருக்கே, அது என்னா?"

குடை நுனி காட்டிய இடத்தில் பார்த்தேன். கறுத்த தலை, மார்பில் வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே முழுக்கச் சிவப்பு. கத்திக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் போன வருடமே பார்த்தவன் எப்படிக் குதிப்பது?

"அதுவா? தீக்காக்கை. நான்தான் அப்பவே பாத்தாச்சே" என்றேன், கொட்டாவி விடாத குறையாக.

தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தேன். பறவை ஆடியது. கொடியும் ஆடியது. ஆடுவது என் கை என்று புரியச் சற்று நேரமானது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை. கண் வேறு கலங்கித் தொலைத்தது.

மனைவி பறவையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

"இப்ப ஆடாமப் பாருங்க" என்றாள். "மொத தடவைன்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."